பாய்லர் வீட்டுத் துப்பாக்கி

இருபத்திரண்டு வருஷமாக நான் தேநீர் குடிக்கப் போய் உட்கார்ந்த நாற்காலி ஒன்று பாய்லர் வீட்டில் உண்டு. பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தால், பக்கத்துச் சுவரில் இரண்டு மரக்கொக்கிகளின்மேல் படுத்திருக்கும் பழைய துப்பாக்கியின் வாய் என் இடது நெற்றிப்பொட்டை நேராகப் பார்க்கும். வாரத்துக்கு நான்கு நாள் என்று வைத்துக்கொண்டால் நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மாலைகள். அத்தனை மாலையும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ரஸ்க்கைத் தேநீரில் முக்கித் தின்றுகொண்டு, ஊர் உலகத்தை எல்லாம் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாலையும் அந்தத் துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் கெட்டித்துக் கிடந்தன. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

எப்பேர்ப்பட்ட படைத்தளபதியும் என் அளவுக்குத் துப்பாக்கி முனையில் ரஸ்க் தின்றிருக்க மாட்டான் என்று இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். அத்தனை வருஷமும் சங்கிலியைப் பிடித்து ஓர் அங்குலம் கூட்டாமல் குறைக்காமல் அளந்தேன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என் இஷ்டத்துக்கு அளக்கிறேன். கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பாய்லர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கப்பலுக்கும் ஆலைக்கும் கொதிகலன் செய்கிற பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்ததால் ஒட்டிக்கொண்டது. அங்கே ஓர் ஆள் வெளியே நின்று, பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகிச் சம்மட்டியால் அடிப்பான். இன்னோர் ஆள் கொதிகலனுக்கு உள்ளே குந்தி உட்கார்ந்து, அந்த ஆணியின் மறுமுனையை இரும்புக்கட்டையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாய்லர், உள்ளே உட்காருகிற ஆள். ஒரு பெரிய மணிக்குள், அதன் நாக்கு தொங்குகிற இடத்தில் ஒரு மனிதனை உட்காரவைத்து, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மணியடித்தால் எப்படியிருக்கும்? அதுதான் அவர் உத்தியோகம். வேலை விட்டு வரும்போது அவர் தலைக்குள்ளிருந்து ரீங்காரம் வெளியே கசிந்து தெருநாய்கள் எழுந்து நிற்கும் என்று நான் சொல்வதுண்டு. தெருநாய்கள் எழுந்து நின்றது உண்மை. காரணம் அவர் கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்காகவும் இருக்கலாம்.

ஓய்வு பெற்றபோது அவருக்கு இடது காது முழுக்கப் போயிருந்தது. வலது காதில் மட்டும், குடத்தின் அடியில் தங்கின தண்ணீர் மாதிரி, கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சத்தில் குடித்தனம் நடத்தியவர் அவர் மனைவி, எனக்கு அண்ணி.

அண்ணி குடை தைப்பவர். எட்டுத் துண்டு கறுப்புத் துணியை வளைவாக வெட்டி, விளிம்பு சேர்த்து, கம்பிகளின் நுனியில் முடிச்சுப் போட்டு இறுக்குகிற வேலை. தைத்து முடித்த குடைகளை ஈரம் தெளித்து விரித்து, கூடத்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவார். அப்போதுதான் துணி தொய்யாமல் இறுகும். மழைக்காலத்தில் ஒரே நேரத்தில் முப்பது குடைகூடத் தொங்கும். சன்னல் வெளிச்சம் அவற்றின் ஊடே இறங்கி, பச்சையும் கறுப்புமாகத் தரையில் அசையும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது போலிருக்கும். பேச்சுக்கூட அங்கே மெதுவாக, குமிழி குமிழியாகத்தான் மேலே போகும்.

அண்ணிக்குக் கணவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தைப்பதை நிறுத்துவார். ஊசியைக் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்டு எழுந்து வருவார். அவருடைய வலது பக்கம் நின்று, கையைக் குவித்து, காதிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் வாயை வைத்து, சாதாரணக் குரலில் சொல்வார். கத்த மாட்டார்.

"கத்திச் சொன்னா எதைச் சொன்னாலும் சண்டை போடுற மாதிரியே இருக்கு தம்பி" என்பார் என்னிடம்.

அப்படி எழுந்து வந்து சொல்கிற விஷயம் என்னவென்றால், பால் திரிந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பூனை மறுபடியும் வந்தது, நாற்பதாம் நம்பர் நூல் தீர்ந்துவிட்டது. பாய்லர் தலையாட்டுவார். அண்ணி திரும்பிப் போய் உட்கார்ந்து ஊசியை எடுப்பார். ஒரு மாலையில் இது இருபது தடவை நடக்கும்.

துப்பாக்கி வந்த கதை இது. பல வருஷம் ஓடாமல் கிடந்த பழைய நீராவிப் படகு ஒன்றின் கொதிகலனைப் பட்டறைக்குப் பிரிக்கக் கொண்டுவந்தார்கள். பாய்லர் வழக்கம்போல உள்ளே போனார். புகைக்குழாய்களுக்குப் பின்னால், மெழுகுத்துணியில் சுற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பொட்டலம். கல் உரசித் தீப்பொறி பறந்து சுடுகிற காலத்துத் துப்பாக்கி. கல் உரசுகிற பூட்டுக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒரு பறவை செதுக்கியிருந்தது. படகுக்காரர், "அந்தக் குப்பையை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டார். அருங்காட்சியகத்தில் அப்போதிருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார்: "சுடாம வச்சிருந்தா பொக்கிஷம், சுட்டீங்கன்னா வெறும் இரும்பு." பாய்லருக்கு அது வேதவாக்கு.

முப்பத்தொரு வருஷம் அவர் அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பச்சைக்குழந்தையைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை போட்டு, பஞ்சில் எண்ணெய் தொட்டு, ஒரு திசையாகத் துடைப்பார். விசையைத் தொட்டால் தேயும் என்று தொட மாட்டார். குழல் வாய்க்கு ஈரக்காற்று போகாமல் தக்கை அடித்து வைத்திருந்தார். கூடத்தில் யாருக்காவது தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். குழலுக்குள் குச்சி விட்டுத் துடைக்கலாமே என்று ஒருநாள் நான் சொன்னபோது, மூக்கு வழியாக ஆணி அடிக்கச் சொன்னவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"உள்ள கீறல் விழும் சர்வேயர். உள்ள யாரும் போகக்கூடாது."

அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்ததால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே போனது.

இந்த வருஷம் மழை தொடங்கினபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். துடைக்கிறபோது கை நடுங்குகிறது, அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடலாம் என்றார். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒல்லி. மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கூடத்தில் தொங்கிய குடைகளை அண்ணாந்து பார்த்து, "இங்க வர்றதுக்கு நான் குடை எடுத்துட்டு வந்தேன் பாருங்க" என்றாள். அண்ணிக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

அவள் துப்பாக்கியை மேசையில் கிடத்தினாள். தக்கையைத் திருகி எடுத்தாள். பையிலிருந்து நீளமான மெல்லிய மரக்குச்சி ஒன்றை உருவினாள். பாய்லர் பதறி எழுந்தார்.

"குச்சியெல்லாம் வேண்டாம்மா."

"மரம்தான் சார். கீறாது." அவருக்குக் கேட்கவில்லை. அண்ணி போய்க் காதில் சொன்னார்.

அவள் குச்சியை உள்ளே மெல்ல இறக்கினாள். அது தட்டி நின்றதும், குழல் வாயருகே குச்சியில் விரலால் குறி பிடித்தாள். உருவி, குழலுக்கு வெளிப்பக்கம் ஒட்டிவைத்துப் பார்த்தாள். பூட்டுக்குப் பக்கத்தில், தீப்பொறி உள்ளே போவதற்கு ஓர் ஊசித்துளை இருக்கும். குச்சி அதுவரை வர வேண்டும். நான்கு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி விட்டாள். மறுபடியும் நான்கு விரல்கடை. நான் அளவைத் தொழிலில் இருந்தவன், எனக்கு ஒரு தடவையே போதும். என் ரஸ்க் தேநீருக்குள் விழுந்து கரைந்துபோனது.

அவள் துப்பாக்கியின் வாயைச் செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "எல்லாரும் என் பின்னால வந்துருங்க" என்றாள். வந்தோம்.

"சார், கடைசியா எப்ப இதுக்குள்ள பாத்தீங்க?"

அண்ணி கேள்வியைக் காதில் சேர்த்தார்.

"பாத்ததே இல்லியே. எதுக்குப் பாக்கணும்?"

"உள்ள மருந்து கெட்டிச்சிருக்கு சார். குண்டோட. யாரோ சுடுறதுக்குத் தயாரா வச்சுட்டு, சுடாமலே விட்டுட்டாங்க."

அண்ணி அதைக் காதில் சொல்லவில்லை. நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொங்குகிற குடைகளைப் பார்த்தார். "முப்பத்தொரு வருஷம்" என்றார் மெதுவாக. "இதுக்கு முன்னாடி நின்னு நான் தூசி தட்டியிருக்கேன்."

சேதி பாய்லர் காதுக்குப் போனபோது அவர் முகத்தில் வந்தது பயமில்லை. உள் அறையில் யாரோ இருமுவதைக் கேட்டு, ஓ, இந்த வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறவர் முகம்.

மறுநாள் அண்ணியின் தம்பி வந்தார். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவர். பாய்லருக்கு மச்சான் என்பதால் எனக்கும் மச்சான்தான். எந்நேரமும் சட்டையில் கல்தூசி, வாயில் வேகவைத்த உருளைக்கிழங்கு. அண்ணி மிளகு தூவி வைத்த ஒரு தட்டுக் கிழங்கையும் முன்னால் இழுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"மருந்து வச்சா சுடணும். அதுக்குத்தான் வச்சிருக்கான். டயர்ல கட்டி, கயிறு போட்டு தூரத்துலேருந்து இழுத்தா முடிஞ்சுது ஜோலி."

அருங்காட்சியகப் பெண் மறுத்தாள். "வேண்டாங்க. குழல் பழசு. வெடிச்சுச் சிதறலாம். திருகு முனை வச்சு குண்டை வெளிய எடுத்துட்டு மருந்தைக் கொட்டிரலாம், நான் செஞ்சிருக்கேன். எந்தக் கையோ வச்ச மருந்து, எந்தத் துணியோ சுத்தின குண்டு. அப்படியே கண்ணாடிக்குள்ள வைக்கலாம். இந்த மாதிரி எங்கயும் முழுசாக் கிடைக்காது."

"கண்ணாடிக்குள்ள வச்சு? டிக்கெட் வாங்கிட்டு வந்து மருந்தை மோந்து பாப்பாங்களா?"

"நீங்க பாறையை வெடிக்கிறவரு. உங்களுக்கு எதையும் முழுசா வச்சுப் பழக்கமில்ல."

"உருளைக்கிழங்கைக்கூட முழுசா விடமாட்டான் இவன்" என்றார் அண்ணி.

இவர்கள் பேசுகிற எதுவும் கேட்காமல் பாய்லர் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரே சீரான மழை. திடீரென்று, செவிடர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், சொன்னார்:

"சுட்ருவோம். நான் அந்தச் சத்தத்தைக் கேக்கணும்."

சொன்னவர் யார்? முப்பத்தொரு வருஷம் தும்மல்கூட ஆகாது என்றவர்.

"இத்தன வருஷம் ஒரு வார்த்தைய வாயில அடக்கிட்டுப் படுத்திருக்கு. ஒரே ஒரு வார்த்தை. என்ன குரல்னு கேக்காமப் போகச் சொல்றீங்களா? எனக்கு இன்னும் கொஞ்சம்தான் காது இருக்கு. அது இருக்கும்போதே கேட்டுடறேன்."

அண்ணி எழுந்து வந்து கையைக் குவிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, கத்திச் சொன்னார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? மறந்துபோச்சா?"

மருத்துவர் சொன்னது எனக்கும் தெரியும், கூடப் போனவன் நான். மிச்சமிருக்கிற காது தானாக இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓடும். பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டால் அன்றைக்கே போய்விடும்.

"தூரமா நின்னு கேக்கறேன்."

"தூரத்துல நின்னா உங்களுக்கு என்ன கேக்கும்? பக்கத்துல வந்து நான் சொல்றதே பாதிதான் கேக்குது." அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்குத் தெரியுமா? பட்டறையில வாரா வாரம் காதுல வைக்கப் பஞ்சு குடுப்பாங்க. இவரு வைக்கல. மிச்சம் புடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. எதுக்குன்னு நெனச்சீங்க? ஞாயித்துக்கிழமை இதைத் தொடைக்க. காதுக்குக் குடுத்த பஞ்சை இதுக்குக் குடுத்தாரு. இப்ப மிச்சக் காதையும் இதுக்கே குடுக்கப் போறாராம்."

மச்சான் கிழங்கு தின்பதை நிறுத்தினார். அவரைப் பொறுத்தவரை அது ஓர் ஆள் மயங்கி விழுவதற்குச் சமம்.

ஒரு வாரம் மழை விடவில்லை. ஊரே தண்ணீருக்குள் இருந்தது. எங்கள் தெருவில் மீன் ஒன்று கடிதப்பெட்டிக்குள் போய் முட்டையிட்டது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. துப்பாக்கியைக் கொல்லைப்புறக் கொட்டகையில், மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். பாய்லர் சன்னலில் நின்று கொட்டகையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தேநீர் குடிக்கப் போனேன். நாற்காலியை மட்டும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். சுவர் காலியாக இருந்தாலும் என் நெற்றிப்பொட்டு அதை நம்பவில்லை.

ஆறாவது நாள் அண்ணி என்னருகில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட். மரச்சட்டம் போட்டது, மூலையில் துளையிட்டுக் குடைக்கயிறு கோத்திருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"நாளைக்குக் காது போயிருச்சுன்னா வேணுமே. கழுத்துல மாட்டிக்கலாம்னு. எழுதிப் பாத்தேன் தம்பி. 'பால் திரிஞ்சு போச்சு'ன்னு எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த பால் வந்துரும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். குடைகள் மெல்லச் சுழன்றன. சற்று நேரம் தைத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்:

"என் தம்பிய வரச் சொல்லிட்டேன். சுடட்டும்."

"அண்ணி..."

"நெனச்சுப் பாத்தேன். இத்தன வருஷம் அவரு காதுல நான் என்னத்தச் சொல்லிட்டேன்? பூனை வந்துச்சு, நூல் தீந்துச்சு. ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? அதைக் கேக்கறதுக்காக ஒரு மனுஷன் ஆசையைப் பூட்டி வைக்கணுமா. அந்தத் துப்பாக்கியாவது உருப்படியா ஏதாவது சொல்லுமான்னு பாப்போம்."

நான் எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவன். அன்றைக்கு அந்த அம்மாளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததோடு சரி.

அருங்காட்சியகப் பெண் கடைசிவரை வாதாடினாள். பிறகு, அவருடைய பொருள், அவர் இஷ்டம் என்று, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே போய் அனுமதிக் காகிதம் வாங்கிவந்தாள். "சுட்டாலும் எடுத்துக்குவேன் சார்" என்றாள் பாய்லரிடம். "முன்னாடி இருந்த அதிகாரி சொன்னது தப்பு. சுட்டா இரும்பு ஆயிடாது. சுட்ட துப்பாக்கி ஆகும், அவ்வளவுதான்." அண்ணி இதையும் காதில் சேர்த்தார், ஒரு சொல் விடாமல்.

குவாரிக்கு அதிகாலையில் போனோம். கல் எடுத்து எடுத்து ஏற்பட்ட பெரும்பள்ளம் அது, அடியில் மண் மேடு. மூடுபனி அதை விளிம்புவரை நிரப்பியிருந்தது. பால் கிண்ணத்துக்குள் இறங்குவது போல ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். முன்னே போன மச்சான் இடுப்புவரை இல்லை, பிறகு தலையும் இல்லை, இருமல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அண்ணி குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு வந்தார். சிலேட் தோளில் தொங்கியது.

லாரி டயர் இரண்டுக்கு நடுவே துப்பாக்கியை வைத்து, மண் மேட்டைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார் மச்சான். ஊசித்துளைக்கு வெளியே இருக்கும் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைப் புது மருந்து போட்டார். விசையில் கயிறு. கயிற்றை நீட்டிக்கொண்டே வந்தார்.

"ஐம்பது அடி தள்ளி, அந்தப் பாறைக்குப் பின்னால எல்லாரும். மாமாவும்தான்."

"ஐம்பதுல எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது மாப்ள. பத்து."

"பத்துல குழல் வெடிச்சா மூஞ்சி இருக்காது."

"இருபது."

"என்ன மாமா, மீன் மார்க்கெட்டா?"

என்னை அளக்கச் சொன்னார்கள். பனிக்குள் காலால் அளந்துகொண்டே போய் முப்பதில் ஒரு பாறையைக் கண்டேன், இடுப்பு உயரம். இதுதான் என்றேன். வாழ்க்கையில் கடைசியாகச் சரியாக அளந்தது அதுதான். பாய்லர் அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து, தலையை மட்டும் வலப்பக்கமாகச் சாய்த்து, மிச்சக் காதைத் துப்பாக்கிக்குக் கொடுத்தார். நாங்கள் மற்றவர்கள் ஐம்பதடிப் பாறைக்குப் பின்னால் நின்றோம்.

மச்சான் கயிற்றை இழுத்தார். கல் உரசிற்று. பனிக்குள் ஒரு செம்பூ மலர்ந்து, புஸ் என்று அணைந்தது. அவ்வளவுதான்.

பாய்லர் திரும்பிப் பார்த்தார். "ஆச்சா?"

"மேல்மருந்து மட்டும் எரிஞ்சிருக்கு" என்றார் மச்சான். "யாரும் அசையாதீங்க. கால் மணி நேரம் பக்கத்துல போகக்கூடாது. உள்ள கனிஞ்சுக்கிட்டு இருந்தா தானாவே வெடிக்கும்."

கால் மணி நேரம். தூறல் பிடித்தது. அண்ணி பின்னாலிருந்து நடந்து போய், குடையை விரித்துக் கணவருக்கும் தனக்குமாகப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மச்சான் "அக்கா, இங்க வா" என்றார். அக்கா காதில் வாங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் தேவைப்படும்போது எல்லோருக்கும் காது கேட்காது.

அண்ணி கையைக் குவித்து, பாய்லர் காதருகில் வாயை வைத்தார். பனியில் எல்லாச் சத்தமும் அருகில் வந்துவிடுகிறது, அதனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க. கொல்லைக் கதவைச் சாத்தினேனான்னு ஞாபகம் இல்ல."

"சாத்தினே."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தாழ்ப்பாளும் போட்டே."

"பூனை உள்ள இருந்துச்சா, வெளியவா?"

பாய்லர் யோசித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு ஆழ்ந்து எதையும் யோசித்து நான் பார்த்ததில்லை. "உள்ள" என்றார். "குடைக்குள்ள படுத்திருந்துச்சு."

"அய்யய்யோ, புதுத் துணி."

"கிழிக்காது. நல்ல பூனை."

"உங்களுக்கு அது நல்ல பூனையா. போன வாரம் என்ன செஞ்சுச்சு தெரியுமா..." என்று அண்ணி தொடங்கினார். பூனை போன வாரம் செய்தது, முந்தின வாரம் செய்தது, பக்கத்து வீட்டம்மா அதற்குச் சொன்ன சமாதானம். குடைத்துணியில் தூறல் பொடிப்பொடியாக விழுந்தது. பாய்லர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கால் மணி ஆயிற்று. மச்சான் போய்க் கிண்ணத்தில் புது மருந்து போட்டு, ஊசித்துளையைக் கம்பியால் குத்திவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணியைப் பின்னால் இழுத்து வந்தார். பாய்லர் பாறைக்குப் பின்னால் தனியாக, பழையபடி தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். மச்சான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இழுத்தார்.

கல் உரசுவதற்கு முன் நான் பார்த்தேன். எல்லோரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் எழுந்தன. இரும்புக்கட்டையை முப்பத்தைந்து வருஷம் தாங்கிப் பிடித்த, பலகை மாதிரியான கைகள். அவை போய் இரண்டு காதையும் பொத்தின. கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

துப்பாக்கி பேசியது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நனைந்த சாக்கு மூட்டையை மாடியிலிருந்து கீழே போட்டால் வருகிற சத்தம். தொப். மருந்து பாதி நமுத்திருக்க வேண்டும். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து பனியோடு சேர்ந்துகொண்டது. மண் மேட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண் சரிந்தது. குழல் வெடிக்கவில்லை. ஒரு காக்காய்கூடப் பறக்கவில்லை.

மச்சான் போய்ப் பாய்லர் தோளைத் தட்டினார். அவர் கண்ணைத் திறந்து, புகையைப் பார்த்து, பிறகுதான் கையை எடுத்தார்.

"என்ன மாமா," மச்சான் அவர் காதில் கத்தினார், "ஊரைக் கூட்டி, போலீஸ் காகிதம் வாங்கி, கடைசில காதைப் பொத்திட்டீங்களே."

பாய்லர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை தானாப் போச்சு மாப்ள" என்றார்.

அண்ணி குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். தூறல் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தது போல மறுபடி மடக்கினார்.

அருங்காட்சியகப் பெண் மண் மேட்டைக் கையால் கிளறி, நசுங்கின ஈயக்குண்டைக் கண்டெடுத்தாள். துப்பாக்கியையும் அதையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனாள். பாய்லர் கையுறை மாட்டாமல், வெறுங்கையால் பித்தளைப் பறவையை ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சிலேட்டில் அண்ணி குடைத் துணியின் அளவுகளை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். பாய்லர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா" என்றார். "எப்படி இருந்துச்சு?"

அண்ணி தையலை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஊசியைக் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்டு எழுந்து போனார். வலது பக்கம் நின்று கையைக் குவித்தார்.

"மொதல்ல ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமா அடங்கிப்போச்சு. அப்புறம் பூமிக்குள்ளேருந்து எந்திரிச்சு வர்ற மாதிரி ஒரு சத்தம். பெரிய கதவு, மலையளவு கதவு, எத்தனையோ வருஷமாத் தெறக்காதது, அதைத் தெறந்தா எப்படி இருக்கும்? அப்படி. பாறை ஒவ்வொண்ணும் அதை வாங்கி அடுத்த பாறைக்குக் குடுத்துச்சு. அது சொல்லி இது சொல்லி, சுத்தி வந்து நம்ம பின்னால நின்னுச்சு. பனி அப்படியே ரெண்டா வெலகிப்போச்சு. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குடை விரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

முப்பத்தாறு வருஷம் ஒழுங்காக அளந்துவிட்டுப் பிறகு கதை அளக்கப் பழகிக்கொண்டவன் நான். பிறவியிலேயே அளக்கத் தெரிந்த ஒருத்தர் இத்தனை வருஷம் பாலையும் பூனையையும் சொல்லிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

பாய்லர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் திறந்தார். மெல்லிய சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார். ஊரில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"சர்வேயர், நெசமாவா?"

நான் எழுந்து போனேன். அண்ணி எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். கையைக் குவித்து, இரண்டு விரல்கடை தூரத்தில் வாயை வைத்து, கத்தாமல் சொன்னேன்.

"அண்ணி குறைச்சுச் சொல்றாங்க அண்ணே."